சாப்பா முதல் ரேஷன் கார்டு வரை: வாங்க உரியவர் யார்?

டொராண்டோவில் நம்மவர்கள் நாலு குடும்பம் ஒன்றுகூடினால் மூன்று விஷயம் கட்டாயம் பேசப்படும். ஒன்று பனி. இரண்டு வீட்டு விலை. மூன்றாவது, 'ஊர்ல எல்லாத்தையும் சும்மா குடுத்துக் குடுத்து ஜனங்களக் கெடுத்துட்டாங்க' என்பது. முதல் இரண்டுக்கும் நானும் நன்றாகத் தலையாட்டுவேன். மூன்றாவது வரும்போது மட்டும் வாய் துறுதுறுக்கும். விருந்துக்குப் போன இடத்தில் எதற்குச் சண்டை என்று அடக்கிக்கொள்வேன். அப்படி அடக்கி வைத்ததை எல்லாம் இங்கே கொட்டப்போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளுருத்திக்காரன். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, தோப்பும்படி தாண்டினால் வரும் ஊர். 1967-ல் கொச்சி மாநகராட்சி உருவானபோது அதில் சேர்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் பள்ளுருத்தியும் ஒன்று. தாத்தா சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து 1940-களில் மட்டாஞ்சேரி பஜாருக்கு மூட்டை தூக்க வந்தவர். குருமிளகு, சுக்கு, கொப்பரை எல்லாம் கிட்டங்கிக்குள் போவதும் வருவதும் அப்போது மனிதர்களின் தலைமேல்தான். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பஜாரில் இரண்டும் கலந்த ஒரு பாஷை. இப்படித்தான் எங்கள் மூன்று தலைமுறை ஓடியது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அரசு தரும் உதவியை வாங்க உரியவர் யார் என்ற கேள்வி இலவச டிவி, மிக்ஸி காலத்தில் முளைத்ததல்ல. கொச்சியிலேயே அதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

ராஜா காலத்துச் சோறு

கொச்சி, திருவிதாங்கூர் ராஜ்யங்களில் 'ஊட்டுப்புரை' என்று ஒன்று உண்டு. அரசு செலவில் பிராமணர்களுக்குச் சாப்பாடு போடும் இடம். பாலக்காடு, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களும் அங்கே சாப்பிட்டிருக்கிறார்கள். பசிக்கிறதா, ஏழையா என்று யாரும் கேட்டதில்லை. பிறப்பு ஒன்றே தகுதி. அந்தச் சோற்றுக்கான நெல்லை விளைவித்த புலையர்களுக்கோ பொதுவழியில் நடக்கவே உரிமை கிடையாது. 1913-ல் கொச்சிப் புலையர்கள் கூட்டம் போட நினைத்தபோது கரையில் இடம் கிடைக்காமல், எறணாகுளம் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி அதன் மேல் கூட்டம் நடத்தினார்கள். பண்டிட் கருப்பன் முன்னின்று நடத்திய அந்தக் 'காயல் சம்மேளனம்' கேரளத்தில் இன்றும் பேசப்படுகிறது.

எங்கள் ஊரிலேயே இதன் அடையாளம் ஒன்று உண்டு. பள்ளுருத்தி அழகியகாவு பகவதி கோயிலில் தனு மாதம் கடைசி வியாழக்கிழமை 'புலவாணிபம்' நடக்கும். பாய், சட்டி, கருவாடு, அரிவாள் என்று ரோடெல்லாம் கடை. சின்ன வயதில் எனக்கு அது ஒரு திருவிழாச் சந்தை, அவ்வளவுதான். பிறகுதான் பெரியவர்கள் சொல்லித் தெரிந்தது: வருஷத்தில் ஒருநாள் மட்டும் புலையர்கள் கோயில் பக்கம் வந்து கும்பிடவும், விற்கவும் வாங்கவும் கொச்சி ராஜா கொடுத்த அனுமதியின் மிச்சமாம் இது. வருஷத்தில் 364 நாள் உரிமை இல்லை, ஒருநாள் உண்டு. அந்த ஒருநாளும் ராஜா மனசு வைத்துக் கொடுத்தது.

'சும்மா கொடுக்கிறார்கள்' என்று நாம் சலித்துக்கொள்ளும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சும்மா கொடுப்பது பழைய வழக்கம்தான். யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது.

எறிந்த தகடு

இனி துறைமுகம். ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1920-ல் கொச்சிக்கு வந்து, அழிமுகத்து மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணை வைத்தே வில்லிங்டன் தீவை உருவாக்கினார். 1928-ல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்தன. வேலையும் பெருகியது, வேலை தேடி வந்த கூட்டம் அதைவிடப் பெருகியது.

அந்தக் கூட்டத்தில் யாருக்கு அன்றைக்கு வேலை என்பதை முடிவு செய்ய ஒரு முறை வைத்திருந்தார்கள். அதன் பெயர் 'சாப்பா'. சாப்பா என்றால் உலோக டோக்கன். காலையில் ஆட்கள் திரண்டு நிற்பார்கள். கப்பல் வேலைக் காண்டிராக்டரின் மூப்பன் (நம் மலையகத்து வாசகர்களுக்குக் கங்காணி என்றால் புரியும்) டோக்கன்களைக் கூட்டத்துக்கு நடுவே விட்டெறிவான். பிடித்தவனுக்கு வேலை, பிடிக்காதவனுக்குப் பட்டினி. அண்ணனும் தம்பியும் ஒரே டோக்கனுக்காக மண்ணில் புரள்வதை நேரில் பார்த்ததாகத் தாத்தா சொல்வார். அவர் கப்பல் வேலைக்குப் போனவர் இல்லை, பஜார் கூலி. ஆனாலும் அதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும்.

கொச்சியில் மட்டும்தான் இந்தக் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன், லிவர்பூல் துறைமுகங்களிலும் தினமும் காலையில் ஆட்களை நிறுத்திவைத்துப் பொறுக்கி எடுக்கும் வழக்கம் இருந்தது. 1889-ல் லண்டனில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகும் அது ஓயவில்லை. 1947-ல் பிரிட்டன் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் கொண்டுவந்து, ஆட்களைப் பதிவு செய்து, வேலை இல்லாத நாளுக்கும் ஒரு தொகை என்று ஆக்கியது. அடுத்த வருஷமே, 1948-ல், இந்தியாவில் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது.

சட்டம் டெல்லியில் வந்தது. மட்டாஞ்சேரியில் டோக்கன் பறந்துகொண்டேதான் இருந்தது.

1953-ல் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. செப்டம்பர் 15-ம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி இருவரும் குண்டடிபட்டு இறந்தார்கள். ஆண்டனி போலீஸ் பிடியில் சித்திரவதைப்பட்டு இறந்தார். இதை வைத்து கே. எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தைத்தான் ராஜீவ் ரவி 'துறமுகம்' என்று படமாக்கினார். 2023-ல் வெளிவந்தது. கிடைத்தால் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

அத்தனைக்குப் பிறகும் சாப்பா 1962 வரை முழுதாக ஒழியவில்லை என்கிறார்கள். கொச்சித் துறைமுகத் தொழிலாளர்களுக்கான திட்டம் 1959-ல் வந்து, தொழிலாளர் வாரியம் அமைந்தது. பதிவேட்டில் பெயர், முறைவைத்து வேலை, வேலை இல்லாமல் வந்து நின்ற நாளுக்கும் வருகைப்படி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தத் தொழிலாளிகள் முதலில் கேட்டது கூலி உயர்வை மட்டும் அல்ல. என் பெயரை எழுதிவை என்று கேட்டார்கள். பெயர் எழுதப்பட்டவனுக்கு நாளைக்கும் முறை வரும், எறிந்த டோக்கனைப் பிடித்தவனுக்கு இன்றைக்கு மட்டும்தான்.

நோட்டில் பெயர் இருந்தவர்கள், இல்லாதவர்கள்

பஜார் மூட்டைக்காரர்களுக்கு இந்த வாரியம் பொருந்தாது. மகாராஷ்டிரம் 1969-லேயே மாத்தாடி சட்டம் என்று சுமைதூக்குவோருக்கு ஒரு சட்டம் போட்டது. கேரளத்தில் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம் 1978-ஐச் சேர்ந்தது, அதன் கீழ் வந்த திட்டம் 1983-ல். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ல். கேரளத்து ஏற்பாடு இப்படி: தொழிலாளி பதிவு செய்துகொள்ள வேண்டும், வேலை கொடுப்பவர் கூலியோடு சேர்த்து நலநிதிக்கும் பணம் கட்ட வேண்டும், அதிலிருந்து போனஸ், மருத்துவ உதவி, ஓய்வுக்காலத் தொகை எல்லாம் வரும்.

நல்ல ஏற்பாடு. ஆனால் அது வந்தபோது எங்கள் தாத்தாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. நாற்பது வருஷம் தூக்கியவரின் பெயர் எந்த நோட்டிலும் ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பத்து வயது இளையவர், அவருக்குக் கார்டு கிடைத்தது. இரண்டு பேர் தலையிலும் ஒரே தழும்பு. யாரையும் குறை சொல்ல இல்லை. எந்தத் திட்டத்துக்கும் ஒரு ஆரம்பத் தேதி இருக்கத்தானே செய்யும்? அந்தத் தேதிக்கு முன்னாலேயே ஓய்ந்துபோனவர்களின் கணக்கை யாரும் எழுதுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பதிவேட்டில் ஏறியவர்கள் நாளடைவில் அதைச் சுற்றி வேலி போட்டார்கள். வீட்டுக்காரரே தன் சாமானை இறக்கினாலும், வேடிக்கை பார்த்ததற்குக் கூலி கேட்கும் 'நோக்குகூலி' கேரளம் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கியது. 2018 மே 1 முதல் அரசே அதற்குத் தடை போட்டது. ஒரு காலத்தில் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் பிறகு அதே வாசலில் காவல் நின்றார்கள். வெளியே புதிதாக வந்து நின்றவர்களில் நம் திண்டுக்கல், தேனிக்காரர்களும் உண்டு, பிறகு வங்காளிகள், ஒடிசாக்காரர்கள், அசாம்காரர்கள்.

ஆச்சியின் மனு

கேரளம் 1980-ல் விவசாயத் தொழிலாளர் பென்ஷனைக் கொண்டுவந்தபோது தொகை மாதம் 45 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-ல் 20 ரூபாயில் ஆரம்பித்தது. இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். கேரளத்து நலப் பென்ஷன் 2021-ல் 1,600 ரூபாய் ஆகி, 2025 நவம்பரில் 2,000 ஆனது.

1988-ல் தாத்தா தவறியபின் ஆச்சி விதவைப் பென்ஷனுக்கு மனு போட்டார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, 'இந்த ஊரில்தான் இருக்கிறீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?' ஆச்சிக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. வாடகை வீடு, பத்திரம் கிடையாது. கல்யாணம் தமிழ்நாட்டில், பிறப்புச் சான்று எங்குமே கிடையாது. கடைசியில் கைகொடுத்தது ஒரு பழைய ரேஷன் கார்டுதான். ஓரமெல்லாம் கிழிந்து, நடுவில் ஒட்டுப்போட்டது. அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நடை நடந்தார் என்று கணக்கில்லை. கையெழுத்தாகி வந்த அன்று அப்பா, 'இந்தச் சின்னத் தொகைக்கா இவ்வளவு அலைச்சல்?' என்றதற்கு ஆச்சி சொன்னது:

'காசு கெடக்கட்டும்ல. எம் பேரு அவுக நோட்டுல இருக்குல்லா, அது போதும்.'

அந்த ரேஷன் கார்டும் தானாக வந்ததல்ல. கேரளம் தின்னும் அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்துதான். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அரிசி நின்றுபோய் நாடே தவித்தது. 1960-களின் நடுவில் மறுபடி தட்டுப்பாடு. தெருவில் இறங்கி ஜனங்கள் கேட்டதன் பலன்தான் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்துக்கும் கார்டு என்ற ஏற்பாடு. 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று கோடு போட்டுப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு மட்டும் 'எல்லாருக்கும்' என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமலும் ஆனது. கேரளத்தில் இப்போது மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நான்கு நிறக் கார்டு. என்ன நிறம் என்பதைப் பொறுத்துத்தான் என்ன கிடைக்கும் என்பது.

எல்லாருக்கும் கொடுத்தால் வசதியானவனும் வாங்குவான் என்பது உண்மை. தேவைப்பட்டவருக்கு மட்டும் என்று வடிகட்டினால், வடிகட்டுவதற்கே ஆதாரம் கேட்க வேண்டும். ஆதாரம் இல்லாதவர் யார்? பெரும்பாலும் மிகவும் தேவைப்பட்டவர்தான். ஆச்சியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் எந்தப் பக்கம் என்ற குழப்பம் இல்லை.

எல்லைக்கோடு செய்யும் வேலை

இப்போது முக்கியமான இடம். ஊர் மாறினால் உரிமையும் கூட வருமா?

'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' 2019-ல் சில மாநிலங்களில் ஆரம்பித்து, 2022 ஜூனில் அசாம் சேர்ந்ததும் நாடு முழுக்க வந்துவிட்டது. ஆனால் அது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டுகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அதற்கு வெளியே மாநில அரசு தன் செலவில் அரிசி கொடுக்கும் கார்டுகள் நிறைய. அந்தக் கார்டை வைத்திருப்பவர் கொச்சி வாத்துருத்தி காலனிக்கு வேலைக்கு வந்தால், கார்டு எல்லைக்கு அந்தப்பக்கமே நின்றுவிடும். சட்டப்படி வரும் கார்டாக இருந்தாலும் கைரேகை பதிய வேண்டும். வருஷக்கணக்கில் மூட்டை தூக்கி, துணி துவைத்துத் தேய்ந்த விரலை மெஷின் சில நேரம் 'இவர் அவர் இல்லை' என்று சொல்லிவிடும்.

கேரளத்துக்கு ஒரு பாராட்டும் உண்டு. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று தனி நலத்திட்டத்தை 2010-லேயே கொண்டுவந்தார்கள். 2017-ல் 'ஆவாஸ்' காப்பீடு: 15,000 ரூபாய் வரை சிகிச்சை, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 'அதிதித் தொழிலாளி' என்று மரியாதையாக அழைக்கிறார்கள். விருந்தாளி என்று அர்த்தம். விருந்தாளிக்கு இலை போடுவார்கள், வீட்டில் பங்கு தருவார்களா என்பது வேறு கேள்வி. :-)

சாதிச் சான்றிதழில் இது இன்னும் கடுமை. அரசியல் சட்டம் 341-ம் பிரிவுப்படி பட்டியல் சாதி என்பது 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை'. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குக் குடிவந்த குடும்பத்து மாணவர் ஒருவருக்கு மருத்துவக் கல்லூரி இடம் மறுக்கப்பட்ட வழக்கில், புது மாநிலத்தில் அந்தச் சலுகை கிடைக்காது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் அதையே உறுதி செய்தது. பட்டியல் பழங்குடிக்கும் இதே விதிதான். முதல் பட்டியல் வந்த 1950 ஆகஸ்டுக்கு முன்பே உங்கள் முன்னோர் அந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தார்கள் என்று காட்டினால்தான் கணக்கு. பிழைக்கப் போன கூலிக்காரன் 1949-ல் எங்கே தங்கினான் என்பதற்கு எழுத்து எங்கே இருக்கும்?

ஒரு உதாரணம் சொன்னால் கோடு எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும். ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் சலவைத் தொழிலாளர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழி. 1976-ல் கட்டப்பட்ட தோபிகானாவில் இன்றும் வேலை நடக்கிறது. கேரளத்தில் வண்ணான் பட்டியல் சாதி. தமிழ்நாட்டில்? கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை தாலுகாவிலும் மட்டும் பட்டியல் சாதி, மற்ற இடமெல்லாம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். காரணம், அந்த இரண்டு பகுதியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. செங்கோட்டை தாலுகாவில் ஒரு தகுதி, கோட்டைத் தாண்டித் தென்காசிக்குப் போனால் வேறு தகுதி. தொழில் ஒன்று, பட்ட அவமானம் ஒன்று, சான்றிதழ் மட்டும் வேறு.

இங்கே நம் கதை

இதை எல்லாம் கனடாவில் உட்கார்ந்து எதற்கு எழுதுகிறேன்? நாமும் அதே வரிசையில்தான் நிற்கிறோம் என்பதால்.

இங்கே முதியோர் பென்ஷனுக்கு 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும், முழுத்தொகைக்கு 40 வருஷம். ஐம்பது வயதில் வந்தவர் என்ன உழைத்தாலும் முழுத்தொகையைப் பார்க்கமாட்டார். அப்பா அம்மாவை ஸ்பான்சர் செய்தவர்களுக்குத் தெரியும், கியூபெக் தவிர மற்ற இடங்களில் 20 வருஷம் அவர்களைக் காப்பாற்றுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1927-ல் இங்கே வந்த முதல் முதியோர் பென்ஷன் சட்டம் மாதம் 20 டாலர் வரை கொடுத்தது. பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும், 20 வருஷம் வசித்திருக்க வேண்டும். இந்த மண்ணின் ஆதிகுடிகளுக்கு மட்டும் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆதியிலிருந்து இருந்தவனுக்கு 'நீ உரியவன் இல்லை' என்று சொல்ல அவர்களால் முடிந்தது!

மலையகத் தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் ஒரே எழுத்தில் பல லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒப்பந்தப்படி இந்தியா வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுக்க 1976-ல் ஒரு அரசு நிறுவனமே தொடங்கினார்கள். அங்கேயும் கையில் காகிதம் இருந்தவருக்குத்தான் வேலை.

நாம் எல்லாரும் பிள்ளைகளுக்கான மாதாந்திரப் பணத்தை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். அதை 'இலவசம்' என்று நாம் சொல்வதில்லை, 'பெனிபிட்' என்கிறோம். 'நாங்கள் வரி கட்டுகிறோமே' என்பீர்கள். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டித்தான் எங்கள் தாத்தாவும் வாழ்ந்தார்.

ஆகவே ஊரைப் பற்றிப் பேசும்போது 'ஏன் கொடுக்கிறார்கள்' என்பதோடு நிறுத்தாமல், 'யார் விட்டுப்போனார்கள்' என்றும் கேட்போம். அப்புறம் ஒரு காரியம். ஊரில் அம்மா அப்பாவிடம் சொல்லி, பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், தாத்தா காலத்து வாடகைச் சீட்டு, ஏதாவது ரசீது, என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது குப்பை என்று முதலில் போவது இவைதான்.

பி.கு.: புலவாணிபத்துக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நல்ல பாய் எல்லாம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.